நஞ்சு கரைவதற்குள்

2015ஆம் ஆண்டு டிசம்பர் மாதத் தொடக்கத்தில் அடையாறு கரை மீறி, முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் மேற்குத் தாம்பரத்தின் பள்ளமான தெருக்களையும் மூழ்கடித்து, பிறகு சேற்றையும் செத்த பிராணிகளையும் வாசற்படிகளில் விட்டுவிட்டு வடிந்துபோன சமயத்தில், எங்கள் தெருவுக்கு முதலில் திரும்பி வந்தது மின்சாரமும் அன்று, பாலும் அன்று. துப்புரவுத் தொழிலாளர்கள் கூடைகூடையாகச் சுமந்து வந்து வீட்டுக்கு வீடு தூவிச் சென்ற பிளீச்சிங் பவுடரின் நெடியே முதலில் வந்தது. கண்ணைக் கரித்து, தொண்டையைப் பிடித்து, குழந்தைகளை இருமவைத்த அந்த நெடியை நாங்கள் ஒருவரும் குறைகூறவில்லை. வயிற்றுப்போக்கும் காலராவும் தெருவுக்குள் நுழையாதபடி காவல் நிற்கும் வாசனை அது என்று எங்களுக்குத் தெரியும். இன்றும் கோடைக்காலத்தில் லாரித் தண்ணீரைச் சம்ப்பில் இறக்கும்போது, குழாயின் வாயிலிருந்து அந்த நெடியின் மெல்லிய சாயல் ஒன்று எழுந்து, 'இந்த நீரைக் குடிக்கலாம்' என்று உறுதி சொல்வதுபோல் இருக்கும்.

அந்த நெடிக்குக் காரணமான குளோரின் என்னும் மூலகத்தைத்தான், சிலிண்டர்களில் அடைத்து, மனிதர்கள் உறங்கும் கட்டடங்களின்மேல் ஹெலிகாப்டரிலிருந்து வீசியிருக்கிறார்கள் என்று முதன்முதலாகப் படித்த நாளில், எனக்கு ஏற்பட்ட கலக்கம் வெறும் கோபமாக இல்லை. நம்முடைய வீட்டுக் கிணற்றடியில் பழகிய ஒரு பொருள் வேறோர் ஊரில் கொலைக்கருவியாக நின்றதைக் கண்ட கலக்கம் அது. உள்நாட்டு யுத்தத்தில் சாதாரண ஜனங்களின்மேல் விஷவாயு பிரயோகிக்கப்படுவது எப்படி, அப்பிரயோகம் எவ்வாறு நிரூபிக்கப்படுகிறது, ஏன் சில இடங்களில் என்றைக்கும் நிரூபிக்கப்படாமலே போகிறது என்பதை அறிய வேண்டுமென்ற ஆவல் அன்றிலிருந்து என்னைவிட்டு நீங்கவில்லை. இவற்றுள் மூன்றாவது கேள்வி, தமிழர்களாகிய நமக்கு வெகு அருகில், ஒரு சிறு கடலின் அக்கரையில் கிடக்கும் கேள்வி.

குளோரின் காற்றைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு கனமானது. ஆகையால் அது மேலே எழுந்து கலைந்து போகாமல், வெள்ளநீர் பள்ளத்தைத் தேடுவதுபோலத் தாழ்ந்த இடத்தைத் தேடி ஓடும். நுரையீரலின் ஈரத்தோடு சேர்ந்ததும் அமிலமாக மாறி அந்த மெல்லிய சவ்வுகளைப் புண்ணாக்க, புண்ணான நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டு, மனிதன் வறண்ட தரையில் நின்றபடியே மூழ்கிப் போகிறான். 1915ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆம் தேதி, பெல்ஜியத்தின் ஈப்ர் நகருக்கருகில் ஜெர்மானியப் படை இவ்வாயுவை 150 டன்னுக்கு மேல் திறந்துவிட்டபோது, நவீன யுத்தத்தில் விஷவாயுவின் யுகம் பிறந்தது. நம் தேசத்துக்கும் அந்த மண்ணில் பங்குண்டு: நான்கு நாட்களுக்குப் பின், அதே களத்தில், லாகூர் டிவிஷனைச் சேர்ந்த இந்தியச் சிப்பாய்கள் அந்த வாயுவுக்குள் முன்னேறும்படி ஏவப்பட்டார்கள், அன்று காயம்பட்ட தோழர்களை மீட்டுவந்த ஜமேதார் மீர் தஸ்த் விக்டோரியா கிராஸ் பெற்றார்.

அந்த யுத்தம் தந்த அருவருப்பின் பயனாக 1925ஆம் ஆண்டு ஜெனீவாவில் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. ஆயினும் அது விஷவாயுவைப் பிரயோகிப்பதை மட்டும் தடுத்ததே தவிர, உற்பத்தி செய்வதையும் சேர்த்து வைப்பதையும் தடுக்கவில்லை. அன்றியும் ஒரு ராஜ்யம் மற்றொரு ராஜ்யத்தோடு பொருதும் யுத்தத்தையே அது மனத்தில் கொண்டிருந்தது. தன் சொந்தப் பிரஜைகளையே பகைவராகக் கருதும் ஓர் அரசை நினைத்து அந்த வாசகங்கள் எழுதப்படவில்லை. இந்த இடைவெளியில்தான் பிற்காலத்துக் கொடுமைகளில் பல நுழைந்தன. 1962இல் யேமனில் மூண்ட உள்நாட்டு யுத்தத்தில், குடியரசுக் கட்சிக்குத் துணைவந்த எகிப்தியப் படைகள், மன்னர் பக்கம் நின்ற மலைக்கிராமங்களின்மேல் வாயுக்குண்டுகளை வீசின. 1967ஆம் ஆண்டு மே மாதத்தில் செஞ்சிலுவைச் சங்க மருத்துவர்கள் நேரில் சென்று பார்த்து, மரணங்களுக்கு விஷவாயுவே காரணம் என்று எழுதினார்கள். அடுத்த மாதமே இஸ்ரேலுக்கும் அரபு நாடுகளுக்கும் இடையில் ஆறு நாள் யுத்தம் வந்துவிட, உலகத்தின் கவனம் அந்த மலைகளைவிட்டு அகன்றது. 1988ஆம் ஆண்டு மார்ச் 16ஆம் தேதி, ஈராக்கிய அரசு தன் எல்லைக்குள்ளேயே இருந்த ஹலப்ஜா என்னும் குர்து நகரத்தின்மேல் நடத்திய விஷத்தாக்குதலில் இறந்தோர் 3,200 முதல் 5,000 வரை என்று கணக்கிடப்படுகிறது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆயுதம் ஏந்தாத ஜனங்கள்.

இவ்வளவுக்கும் பிறகே 1993ஆம் ஆண்டில் ரசாயன ஆயுதத் தடை உடன்படிக்கை கையெழுத்துக்கு வைக்கப்பட்டு, 1997 ஏப்ரல் 29 முதல் அமலுக்கு வந்தது. 'எந்தச் சூழ்நிலையிலும் ஒருபோதும்' என்று அதன் முதல் விதி கூறுவதால், அந்நியனோடு செய்யும் யுத்தம், உள்நாட்டு யுத்தம் என்ற வேற்றுமை அங்கே இல்லை. இந்தியா அதில் ஆரம்பத்திலேயே சேர்ந்து, தன்னிடம் 1,044 டன் கந்தக மஸ்டர்ட் நஞ்சு இருப்பதாக ஒப்புக்கொண்டு, அதை 2009 மார்ச் மாதத்துக்குள் முற்றிலும் அழித்தது. ஒப்புக்கொண்ட நாள்வரை இந்த நாடு அவ்வாயுதத்தை வைத்திருக்கவில்லை என்றே நம்மில் பலர் நினைத்திருந்தோம். ஒப்புக்கொண்டதும் அழித்ததும் பெருமைக்குரியவை என்பதில் ஐயமில்லை. என்றாலும், சேர்த்து வைத்திருந்த காலத்தையும் நாம் மறந்துவிடலாகாது.

ஒரு சர்க்கார் தன் நகரத்தின்மேலேயே இந்த நஞ்சை ஏன் வீசுகிறது என்ற கேள்விக்கு விடை, வீடுகளின் அமைப்பிலேயே இருக்கிறது. முற்றுகையிடப்பட்ட நகரத்தில் பீரங்கிக் குண்டுகள் விழத் தொடங்கியதும் ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு கட்டடத்தின் நிலவறைக்குள் இறங்குகிறார்கள். கூரையும் சுவரும் தரும் அந்தப் பாதுகாப்பைக் குண்டினால் எளிதில் உடைக்க முடியாது. கனமான வாயுவோ படிக்கட்டின் வழியாகத் தானே இறங்கிச் செல்கிறது. குண்டுக்குப் பயந்து கீழே இறங்கியவன் வாயுவுக்குப் பயந்து மேலே ஓட வேண்டும். மேலே ஓடினால் குண்டு. சாகிறவர்களைவிட, சாவைக் கண்டு ஊரைக் காலிசெய்து போகிறவர்களின் தொகையையே இந்தக் கணக்கைப் போடுகிறவன் எதிர்பார்க்கிறான். அதனால்தான் இது போர்வீரனுக்கு எதிரான ஆயுதமாக இருப்பதைவிட, முகமூடியோ பயிற்சியோ ஓடுவதற்கு வண்டியோ இல்லாத குடிமகனுக்கு எதிரான ஆயுதமாகவே இருந்து வந்திருக்கிறது.

குளோரினைவிடப் பன்மடங்கு கொடிய சாரின் என்னும் நரம்பு நஞ்சின் கதை பூச்சிமருந்திலிருந்து தொடங்குகிறது. ஜெர்மனியில் பயிர்களைக் காக்கப் புதிய பூச்சிக்கொல்லிகளைத் தேடிக்கொண்டிருந்த கெர்ஹார்ட் ஷ்ராடர் என்னும் ரசாயன விஞ்ஞானி 1936இல் தாபுன் என்ற நஞ்சையும், அதைத் தொடர்ந்து 1938இல் தம் சகாக்களோடு சாரினையும் கண்டறிந்தார். நம் வயல்களில் தெளிக்கப்படும் பாஸ்பரஸ் சார்ந்த பூச்சிமருந்துகள் பலவும் அதே குடும்பத்தின் பலம் குறைந்த உறவுகள். இந்தச் செய்தியைப் புத்தகத்தில் படித்ததைவிட, எங்கள் தெருக்கோடியில் வசிக்கும் ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவரிடம் கேட்டபோதே எனக்கு நன்கு விளங்கியது. அவர் செங்கற்பட்டு அரசு மருத்துவமனையில் பல ஆண்டுகள் இருந்தவர். மதுராந்தகம், அச்சிறுபாக்கம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பூச்சிமருந்து உட்கொண்ட நிலையில் வந்து சேர்ந்தவர்களை எத்தனையோ இரவுகள் கண்விழித்துக் காத்தவர்.

"முதல்ல கண்ணைத்தான் பார்ப்போம் தம்பி," என்றார். "பாப்பா ஊசிமுனை மாதிரி சுருங்கிப் போயிருக்கும். வாயில எச்சில் ஊத்திக்கிட்டே இருக்கும், உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டும், சதை தானா துடிக்கும். அட்ரோபின் போட ஆரம்பிச்சா நிறுத்தவே கூடாது. நெஞ்சுக்குள்ள அந்தக் கொரகொரச் சத்தம் அடங்குறவரைக்கும் போட்டுக்கிட்டே இருக்கணும். ஒரே ஆளுக்கு ஒரு ராத்திரியில எத்தனை ஆம்பூல் உடைச்சிருக்கேன், கணக்கே இல்ல."

நரம்பு தசைக்குக் கட்டளை அனுப்பும்போது அதன் நுனியில் ஒரு ரசாயனம் சுரக்கிறது; கட்டளை நிறைவேறியதும் அதைத் துடைத்தெடுப்பதற்கென்று மற்றொரு பொருள் உடம்பில் இருக்கிறது. குழாயைத் திறக்க ஒரு கையும் மூட ஒரு கையும் இருப்பதுபோல என்று வைத்துக்கொள்ளலாம். நரம்பு நஞ்சு, மூடும் கையைக் கட்டிப்போட்டுவிடுகிறது. திறந்த குழாய் திறந்தபடியே கிடக்க, கண்ணீரும் உமிழ்நீரும் சளியும் பெருகி, தசைகள் துடித்துத் துடித்து ஓய்ந்து, கடைசியில் மூச்சை இழுக்கும் தசையும் ஓய்ந்துவிடுகிறது. பூச்சிமருந்தில் இது மணிக்கணக்கில் நிகழ்கிறது. சாரினை ஆழமாக முகர்ந்தவனுக்கோ சில நிமிஷங்கள் போதும்.

2013ஆம் ஆண்டு ஆகஸ்டு 21ஆம் தேதி விடியற்காலையில், சிரியாவின் தலைநகரான டமாஸ்கஸை ஒட்டிய கூத்தா என்னும் புறநகர்ப் பகுதியில் ஸமல்கா, ஐன் தர்மா, முஅதமியா முதலிய இடங்களில் சாரின் நிரம்பிய ராக்கெட்டுகள் விழுந்தன. டமாஸ்கஸுக்குக் கூத்தா எப்படியோ அப்படித்தான் சென்னைக்குத் தாம்பரமும் பல்லாவரமும் என்று சொன்னால், அந்தப் பேட்டைகளின் நெருக்கம் வாசகர்களுக்குப் புலப்படும். அடுக்கடுக்கான வீடுகளும் குறுகிய சந்துகளும் நிறைந்த ஓரிடத்தில், இரவின் குளிர்ச்சியால் காற்று மேலெழாமல் தரையோடு தங்கும் அந்த நேரத்தில், கனமான வாயு நிலவறைகளுக்குள் இறங்குவதற்கு எல்லாம் அனுகூலமாக இருந்ததென்று ஐக்கிய நாடுகள் சபையின் குழு பின்னர் எழுதியது. எல்லையற்ற மருத்துவர்கள் அமைப்பின் ஆதரவு பெற்ற மூன்று மருத்துவமனைகளுக்கு மட்டும், மூன்று மணி நேரத்துக்குள், ஏறத்தாழ 3,600 பேர் நரம்பு நஞ்சின் அறிகுறிகளோடு வந்து சேர்ந்தார்கள். அவர்களில் 355 பேர் இறந்தார்கள். ஒரே ஆளுக்கு ஓர் இரவில் கணக்கில்லாமல் ஆம்பூல் உடைத்த கதையைக் கேட்ட பிறகு இந்த எண்ணை நினைத்துப் பார்த்தேன். 3,600 பேருக்கு எத்தனை ஆம்பூல் வேண்டும், முற்றுகைக்குள் இருக்கும் ஊரில் அவை எங்கே கிடைக்கும் என்று எண்ணியபோது மேற்கொண்டு படிக்க மனம் துணியவில்லை.

ஆனால் கூத்தாவில் ஒரு காரியம் வேறெங்கும் நிகழாதபடி நிகழ்ந்தது. அதற்கு முன்பு நடந்த வேறு தாக்குதல்களைப் பற்றி விசாரிப்பதற்காக, ஸ்வீடனைச் சேர்ந்த விஞ்ஞானி ஓகே செல்ஸ்ட்ரோம் தலைமையில் ஐ.நா. குழு ஒன்று, மூன்று நாட்களுக்கு முன்னர்தான், ஆகஸ்டு 18ஆம் தேதி டமாஸ்கஸ் வந்து இறங்கியிருந்தது. கொலை நடந்த வீட்டுக்கு அடுத்த தெருவிலேயே துப்பறிவாளர் தங்கியிருந்தது போன்ற அபூர்வ சந்தர்ப்பம் அது. ஆகஸ்டு 26ஆம் தேதி அவர்கள் புறப்பட்டபோது வழியில் அவர்களுடைய வாகனத்தின்மேல் மறைந்திருந்து சுட்டார்கள். குழுவினர் வேறு வாகனத்தில் ஏறிப் போனார்கள். தப்பியவர்களின் ரத்தத்தையும் சிறுநீரையும் எடுத்தார்கள். ராக்கெட்டின் சிதறல்களை அளந்தார்கள். அது விழுந்த மண்ணைச் சுரண்டிப் புட்டிகளில் அடைத்தார்கள். ரத்த மாதிரிகளில் நூற்றுக்கு 85 பங்கில் சாரின் இருந்ததை ஐரோப்பிய ஆய்வுக்கூடங்கள் உறுதிசெய்தன. செப்டம்பர் 16ஆம் தேதி வெளிவந்த அறிக்கை, வீசியவர் யாரென்று கூறும் அதிகாரம் தனக்கு அளிக்கப்படாமையால் அதைக் கூறாமல் விட்டாலும், என்ன வீசப்பட்டது என்பதில் சந்தேகத்துக்கு இடம் வைக்கவில்லை. அந்தத் தாக்குதலின் விளைவாகவே சிரியா ரசாயன ஆயுதத் தடை உடன்படிக்கையில் சேர்ந்து, சுமார் 1,300 டன் ரசாயனத்தை ஒப்படைக்க நேர்ந்தது. அந்த உடன்படிக்கையை அமல்படுத்தும் தடை ஸ்தாபனத்துக்கு அவ்வாண்டின் நோபல் சமாதானப் பரிசும் கிட்டியது.

விஷவாயுவின் தனிக்குணம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. துப்பாக்கியால் கொன்றவனின் குண்டு எலும்பில் தங்கிவிடும். வெடிகுண்டு சுவரில் பள்ளம் விட்டுச் செல்லும். வாயுவோ கொன்றுவிட்டுக் கலைந்து போய்விடுகிறது. காற்றில் இருந்த சாரின் சில மணிகளில் கரைந்துவிடும். ரத்தத்திலும் மண்ணிலும் அது விட்டுச் செல்லும் சுவடுகள் மட்டும் சில காலம் தங்கும். குளோரினோ இன்னும் தந்திரமானது: அதன் சேர்மங்கள் எல்லா ஊரிலும் எல்லாத் தண்ணீரிலும் உப்பிலும் இருப்பதால், 'இது தாக்குதலால் வந்தது' என்று விரல் நீட்டிச் சொல்வது கடினம். ஆகவே, குறித்த சில நாட்களுக்குள், சீலிட்ட புட்டியோடு ஒருவர் அந்த இடத்துக்குள் விடப்பட்டாரா இல்லையா என்பதைப் பொறுத்தே, ஒரு பெருங்குற்றம் சரித்திரத்தில் குற்றமாக நிற்பதும், இரு கட்சியார் வாதிடும் வதந்தியாகத் தேய்வதும் அமைகின்றன.

2017 ஏப்ரல் 4ஆம் தேதி கான் ஷேகூன் என்னும் சிற்றூரில் சாரின் வீசப்பட்டு ஏறக்குறைய 100 பேர் இறந்தபோது, விசாரணையாளர்களால் அந்த ஊருக்குள் போக இயலவில்லை. எனினும் அவர்கள் துருக்கிக்குக் கொண்டுவரப்பட்ட உடல்களின் பரிசோதனையின்போது அருகில் நின்றார்கள். மாதிரிகளில் இருந்த கலப்புப் பொருட்களைச் சிரியா முன்பு ஒப்படைத்த சரக்கோடு ஒப்பிட்டபோது, இரண்டும் ஒரே உற்பத்தி முறையைச் சேர்ந்தவை என்று தெரிந்தது. நெய்யின் வாசனையைக் கொண்டு அது எந்தக் கடைச் சரக்கென்று சொல்லும் திறமையைப் போன்றது அது. ஐ.நா.வும் தடை ஸ்தாபனமும் சேர்ந்து அமைத்த விசாரணை அமைப்பு, சிரிய அரசே பொறுப்பு என்று அவ்வாண்டு அக்டோபரில் அறிவித்தது. அடுத்த மாதமே, ரஷ்யாவின் தடைவாக்கினால், அந்த அமைப்பின் ஆயுளே முடிக்கப்பட்டது. அதே அமைப்பு, மற்றோர் ஊரில் மஸ்டர்ட் நஞ்சைப் பிரயோகித்தது அரசை எதிர்த்த ஐ.எஸ். இயக்கம் என்றும் கண்டிருந்தது. உண்மை தேடுகிறவனுக்குக் கட்சி இல்லை என்பதற்கு அதுவே அடையாளம்.

மறு ஆண்டு ஏப்ரல் 7ஆம் தேதி தூமா நகரில் மஞ்சள் நிறக் குளோரின் சிலிண்டர்கள் இரண்டு குடியிருப்புக் கட்டடங்களின்மேல் விழுந்தன. விசாரணையாளர்கள் 14ஆம் தேதியே டமாஸ்கஸ் வந்துவிட்டும், பாதுகாப்புக் காரணம் கூறப்பட்டுத் தாமதித்து, 21ஆம் தேதிதான் களத்தை மிதித்தார்கள். அந்த இரண்டு வாரத்தின் இழப்பை ஈடுசெய்ய ஐந்து ஆண்டுகள் ஆயின. மரத்தில் ஊறி மாறியிருந்த குளோரின் சேர்மங்களையும், சிலிண்டர் விழுந்த கோணத்தையும், கான்கிரீட்டின் பிளவையும் கணக்கிட்டு, 43 பேரைக் கொன்ற அந்தத் தாக்குதலைச் செய்தது அரசின் விமானப்படையே என்று ஸ்தாபனம் 2023 ஜனவரியில் அறிவித்தது. மறுப்புகள் அதன் பிறகும் தொடர்ந்தன. 2024 டிசம்பரில் சிரிய அதிபர் அஸத்தின் ஆட்சி வீழ்ந்த பின்னர், அடுத்த பிப்ரவரியில் ஸ்தாபனத்தின் தலைமை இயக்குநர் பெர்னாண்டோ அரியாஸ் டமாஸ்கஸ் சென்று புதிய அரசோடு பேசினார். மறைத்து வைக்கப்பட்டவற்றைத் தேடும் வேலை அப்போதுதான் புதிதாகத் தொடங்கியது.

இனி நம் பக்கத்துக்கு வருகிறேன். இதை எழுதுவதற்கே இவ்வளவு தூரம் சுற்றிவந்தேன் என்றும் சொல்லலாம்.

இலங்கையின் உள்நாட்டு யுத்தத்தில், விஷவாயு பிரயோகிக்கப்பட்டது ஐயமின்றி அறியப்பட்ட சம்பவம் ஒன்று உண்டு. அதைச் செய்தவர்கள் விடுதலைப் புலிகள். 1990ஆம் ஆண்டு ஜூன் மாதம், யுத்தம் மீண்டும் மூண்ட நாட்களில், மட்டக்களப்பு மாவட்டத்துக் கிரானில் இருந்த ராணுவ முகாமை முற்றுகையிட்ட அவர்கள், அருகிலிருந்த காகித ஆலையில் கூழை வெளுப்பதற்காக வைத்திருந்த குளோரின் உருளைகளைக் கொண்டுவந்து, காற்று முகாமை நோக்கி வீசும் வேளை பார்த்துத் திறந்துவிட்டார்கள். 60க்கு மேற்பட்ட சிப்பாய்கள் பாதிக்கப்பட்டார்கள். காற்றுத் திரும்பியதும் வாயு திறந்தவர்களையே நோக்கி வந்தது. தாக்கப்பட்டவர்கள் சிப்பாய்களே, ஜனங்கள் அல்லர் என்பது உண்மை. ஆயினும், ஒரு தேசத்தின் ராணுவம் அல்லாத இயக்கமொன்று போர்க்களத்தில் ரசாயன ஆயுதத்தைக் கையாண்டதற்கு உலகம் காட்டும் முதல் உதாரணங்களில் இது ஒன்றென்பதும் உண்மையே. தமிழ்ப் பத்திரிகைகளில் இதைப் படித்தவர்கள் மிகச் சிலரே இருப்பார்கள். நம்முடைய துன்பத்தை உலகம் கேட்க வேண்டுமென்று விரும்புகிற நாம், நம்மவர் செய்ததையும் நம் வாயாலேயே சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்று நான் நம்புகிறேன்.

இரண்டாவது, நிரூபிக்கப்படாமல் நிற்பது; அது 2009ஆம் ஆண்டைச் சேர்ந்தது. வன்னியில் அரசே 'பாதுகாப்பு வலயம்' என்று அறிவித்த சிறு நிலத்துண்டுகளுக்குள் லட்சக்கணக்கான ஜனங்கள் நெருக்கப்பட்டிருந்த அந்த மாதங்களில், புதுக்குடியிருப்பைச் சுற்றியும் பின்னர் கரையோரத்திலும், சாதாரணக் குண்டுகளோடு வெண்பாஸ்பரஸும் வேறு ரசாயனங்களும் பிரயோகிக்கப்பட்டன என்ற குற்றச்சாட்டு எழுந்தது. எரிந்து எலும்புவரை இறங்கிய புண்களைப் பற்றிய பேச்சு முகாம்களிலிருந்து வெளிவந்தது. மர்சுகி தருஸ்மான், யாஸ்மின் சூக்கா, ஸ்டீவன் ராட்னர் ஆகிய மூவரைக் கொண்டு ஐ.நா. பொதுச் செயலாளர் அமைத்த நிபுணர் குழு, 2011இல் வெளியான தன் அறிக்கையில், இலங்கை ராணுவம் ஷெல்லடித்து ஆஸ்பத்திரிகளையும் ஜனங்களையும் தாக்கியது நம்பத்தக்க குற்றச்சாட்டு என்று கூறி, இறந்த ஜனங்கள் 40,000 வரை இருக்கலாம் என்றும் எழுதியது. ஆனால் வெண்பாஸ்பரஸைப் பற்றிய இடத்துக்கு வந்தபோது, அரசு அதை மறுத்துப் புலிகளின்மேலேயே அப்பழியைச் சுமத்துவதைக் குறித்துவிட்டு, தன்னால் முடிவுக்கு வர இயலவில்லை, மேலும் விசாரணை வேண்டும் என்று நிறுத்திக்கொண்டது. அந்தக் குழுவுக்கு விசாரணைக்காக நாட்டுக்குள் நுழைய அனுமதி கிடைக்கவில்லை. யுத்தகாலத்திலும் 2008 செப்டம்பரில் ஐ.நா. ஊழியர்கள் கிளிநொச்சியைவிட்டு வெளியேறிய பிறகு, சுதந்திரமான கண்கள் அங்கே மிகச் சிலவே. செல்ஸ்ட்ரோம் தங்கியிருந்ததுபோல ஒருவரும் அடுத்த தெருவில் தங்கியிருக்கவில்லை.

இங்கே ஒரு நுட்பத்தைச் சொல்ல வேண்டும். நம் மேடைகளிலும் பத்திரிகைகளிலும் இவற்றையெல்லாம் சேர்த்து 'ரசாயனக் குண்டு' என்று ஒரே சொல்லால் அழைக்கும் வழக்கம் இருக்கிறது. வெண்பாஸ்பரஸ் காற்றுப் பட்டதும் தீப்பற்றும் பொருள். புகைத்திரைக்காகவோ தீமூட்டவோ பயன்படும்போது அது ரசாயன ஆயுத உடன்படிக்கைக்குள் வராது. வேறு சட்டங்கள் அதற்குண்டு. ஜனங்கள் நிறைந்த இடத்தில் அதை வீசுவது கொடுமையல்ல என்று இதற்குப் பொருளில்லை. குற்றத்தைத் தவறான பெயரால் அழைத்தால், மறுக்கிறவன் அந்தப் பெயரை மட்டும் மறுத்துவிட்டு நிரபராதிபோல் நடந்துபோக வழி பிறக்கிறது என்பதற்காகவே சொல்கிறேன். அந்த யுத்தத்தின் இறுதியில் முள்ளிவாய்க்காலில் இறந்தவர்களுக்கு நாம் செய்யக்கூடிய மரியாதைகளில், சொற்களைத் துல்லியமாகக் கையாள்வதும் ஒன்று.

இத்தனை ஆண்டுகளுக்குப் பின் இனி என்ன தெரியப் போகிறது என்று சலிப்போடு கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒரு கிராமத்தின் கதை இருக்கிறது. 1988 ஆகஸ்டு 25ஆம் தேதி, ஈராக்கிய விமானங்கள் பிர்ஜின்னி என்னும் குர்துக் கிராமத்தின்மேல் குண்டு வீசின. கிராமத்தார் வாயு என்றார்கள், அரசு இல்லை என்றது. நான்கு வருஷம் கழித்து, 1992இல், மனித உரிமைக்காக உழைக்கும் மருத்துவர்களின் சங்கம் ஒன்று அங்கே சென்று, குண்டு விழுந்த பள்ளங்களின் மண்ணை அள்ளி வந்தது. இங்கிலாந்தின் போர்ட்டன் டவுன் ஆய்வுக்கூடம் அந்த மண்ணில் மஸ்டர்ட் நஞ்சையும், சாரின் சிதைந்து எஞ்சிய பொருட்களையும் கண்டது. நான்கு மழைக்காலங்களும் நான்கு பனிக்காலங்களும் கழுவியும் மண் மறக்கவில்லை. வெண்பாஸ்பரஸ் எரிந்தால் எந்த மண்ணிலும் இருக்கக்கூடிய பாஸ்பேட்டாகிவிடும், அது சாட்சியாகாது. ஆனால் காற்றுப் புகாத சேற்றுக்குள் விழுந்து எரியாமல் தங்கினால் அது பல ஆண்டுகள் அப்படியே கிடக்கும். அலாஸ்காவில் ராணுவம் பயிற்சிக்குப் பயன்படுத்திய உப்புச் சதுப்பு நிலத்தில் ஆயிரக்கணக்கான வாத்துகள் ஆண்டுதோறும் செத்து மிதந்ததற்குக் காரணம், சேற்றில் புதைந்து கிடந்த அந்தத் துணுக்குகளே என்று பின்னால் அறிந்தார்கள். முள்ளிவாய்க்காலின் ஒரு பக்கம் கடல். மறு பக்கம் நந்திக்கடல் என்னும் சேற்றுக் களப்பு. தேட விட்டால் தேடுவதற்கு இடம் இருக்கிறது.

தாம்பரத்தில் எங்கள் பகுதிக்குச் சானடோரியம் என்ற பெயர் வரக் காரணமான காசநோய் மருத்துவமனையை, 1928ஆம் ஆண்டு டாக்டர் சௌரி முத்து பன்னிரண்டு படுக்கைகளோடு இங்கே தொடங்கியபோது, குன்றும் மரங்களும் சூழ்ந்த இவ்விடத்தின் காற்றே நோயாளிக்கு முதல் மருந்து என்று கருதினார். இன்று அது நுரையீரல் நோய்களுக்கான பெரிய அரசு மருத்துவமனை. அதன் மதிலோரமாக மாலையில் நடக்கும்போதெல்லாம், உள்ளே ஒவ்வொரு மூச்சாக இழுத்து வாழ்கிறவர்களின் நினைவு வரும். சென்ற வாரம் அப்படி நடந்து திரும்பும் வழியில் அந்தச் செவிலியரைச் சந்தித்தேன். கூத்தாவில் புட்டிகளில் மண் எடுத்த கதையை அவருக்குச் சொன்னேன். அவர் வியப்படையவில்லை.

"நாங்களும் எடுப்போம் தம்பி," என்றார். "விஷக் கேஸ்னு வந்துட்டா, ஆக்சிடென்ட் ரிஜிஸ்தர்ல எழுதாம ஊசியே போட மாட்டோம்னு வெளியில சொல்வாங்க, அது பொய், முதல்ல ஊசிதான். ஆனா வயித்தைக் கழுவின தண்ணியை பாட்டில்ல பிடிச்சு, அரக்கு வெச்சு, பேர் எழுதிடுவோம். நேரத்தையும் அப்பவே எழுதிடணும். கை நடுங்கும், அந்த ஆள் பிழைப்பாரோ மாட்டாரோன்னு இருக்கும், சொந்தக்காரங்க வெளியில அழுதுக்கிட்டு இருப்பாங்க. அப்பவும் எழுதணும்."

"வன்னியில இருந்த டாக்டர்களுக்கு பாட்டில் இருந்திருக்குமா சிஸ்டர்?" என்று கேட்டேன்.

அவர் சிறிது நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "கட்டுப்போடத் துணியே இல்லாம பழைய புடவையைக் கிழிச்சாங்கன்னு அப்போ படிச்சேன்," என்று சொல்லிவிட்டுக் கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே போனார்.